ரேஸ் காரை விற்ற அன்று

யட்டியாந்தோட்டையில் கராஜ் வைத்திருந்த என் கணவர் ஒரு பழைய ரேஸ் காரை உயிராகப் பார்த்துக்கொண்டார். பந்தயத்துக்கென்றே சீமைத் தொழிற்சாலையில் செய்தது. தேயிலைத் தோட்டத்துப் பழைய வெள்ளைக்காரத் துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதுபோல் இலங்கையில் வேறொன்று இல்லை என்பார்கள். அவர் இறந்தபின் மகளின் படிப்புக்காக அதை விற்கத் துணிந்தேன்.

வாங்க வந்த சிங்களப் பெரியவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கொழுந்தன் இரும்புக் கம்பியோடு பாய்ந்து வந்தான்.

"எங்க அண்ணன் காரை விக்க நீங்க யாரு?"

முதல் அடி பானெட்டை நசுக்கியது. அடுத்தது என் தலைக்கு வந்தது. பெரியவர் குறுக்கே கையை நீட்டினார். எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

கொழுந்தன் திகைத்து நின்றான். கம்பியைப் பிடுங்கி அவன் காலில் அடித்தேன். விழுந்தவனை முதுகில் அடித்தேன்.

"அண்ணி, வேணாங்க!"

எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. தலைக்கு ஓங்கினேன். பெரியவர் மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நங்கி, போதும். செத்துப் போவான்."

தங்கை என்று அவர் சிங்களத்தில் கூப்பிட்டதும் கம்பி நழுவியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நசுங்கிய காரைப் பேசிய விலைக்கே அவர் வாங்கிக்கொண்டார். கொழுந்தன் பிழைத்தான், லேசாக நொண்டுகிறான். என்னால் கொலை செய்ய முடியும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையைக் குனிந்துகொள்கிறோம்.