ஆடுபுலி ஆட்டத்தை மீட்டெடுத்தவர்

போன வருஷம் பழைய விளையாட்டுகளை ஆராய்வதாகச் சொல்லிக்கொண்டு சென்னையிலிருந்து ஒருவர் நரிக்குடிக்கு வந்தார். ஆடு மேய்க்கும் என் அத்தைதான், கண்மாய்க்கரைப் பாறையில் செதுக்கியிருக்கும் கட்டத்தில் கற்களை வைத்து, மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்து அவருக்கு ஆடுபுலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள்.

இந்த வருஷம் அருப்புக்கோட்டைக் கண்காட்சியில் அதே ஆட்டம் பெட்டியில் விற்பனைக்கு இருந்தது. ‘அரண்மனையில் பிறந்த விளையாட்டு, மீட்டெடுத்தவர் இவர்’ என்று அந்தச் சென்னைக்காரர் படம் போட்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாளே அத்தையை பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

கடையில் அவரே மைக்கில் ஆட்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரோடும் ஆடிக்காட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரே உட்கார்ந்த அத்தை, கொஞ்ச நேரத்தில் அவருடைய மூன்று புலிகளையும் நகர வழியில்லாமல் ஆடுகளால் அடைத்துவிட்டாள். கூட்டம் கைதட்டியது.

“அம்மா சீக்கிரம் கத்துக்கிட்டாங்களே!” என்று அவர் சிரித்தார்.

“ஏய்யா, ஒனக்குச் சொல்லிக்குடுத்ததே நாந்தான? அரமணையில யாருய்யா ஆடு மேச்சா?” என்றாள் அத்தை.

அவர் காதில் வாங்காததுபோல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் மைக்கைப் பிடுங்கி நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்காட்சிக்காரர்கள் ஆள் வைத்து எங்களை வெளியே அனுப்பினார்கள். பெட்டியில் இன்னமும் அவர் படம்தான்.