சின்ன அத்தை எரியவைத்த பின்விளக்கு

பக்கத்து வீட்டு கேட்டை இன்று உப்புத்தாளால் தேய்த்தார்கள். அந்தத் துரு வாசனையில், எடமலைப்பட்டி புதூரில் இப்போது இல்லாமல் போய்விட்ட எங்கள் கார் ஷெட்டுக்குள் நின்றேன். அப்பாவின் கார் தாத்தா காலத்தது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கலாக மினுங்கி அணைந்துவிடும். முக்கொம்பு சாலையில் பின்னால் வந்த ஒரு லாரி இடிக்கப் பார்த்ததிலிருந்து அம்மா அதில் ஏறவே மறுத்தாள். அப்பா எத்தனையோ முறை பல்பு மாற்றிப் பார்த்தார்.

லீவுக்கு வந்திருந்த சின்ன அத்தைதான் டிக்கிக்குள் தலையை நுழைத்து, “பல்பு நல்லாத்தான் இருக்குண்ணே. எர்த் ஒயர் துருமேல நிக்குது, கரண்ட் சரியாப் போகல,” என்றாள். தகரம் பளிச்சிடும்வரை சுரண்டி, ஒயரை வைத்து ஸ்க்ரூவை முறுக்கினாள்.

“பாப்பா, பிரேக்க அமுக்கு.”

இரண்டு கால்களாலும் மிதித்தேன். கண்ணாடியில் பின்சுவர் முழுக்கச் சிவந்தது. அவ்வளவு சிவப்பை நான் பார்த்ததே இல்லை. காலை எடுக்க மனம் வரவில்லை. அம்மா வந்து முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.