அறுபது லட்சம் வோல்ட்

இடது மார்பை எடுத்துத் தையல் பிரித்த அன்று மதுரை டாக்டர் சொன்னார். “புண் நல்லா ஆறியிருக்கும்மா. இனி கொஞ்ச வாரம் கரண்ட் வைக்கணும்.”

கதிர்வீச்சு என்றுதான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் பல வருடமாக அறிவியல் டீச்சர். ஆனால் ஆஸ்பத்திரியில் அதற்குக் கரண்ட் என்றுதான் பெயர். டாக்டரும் அப்படித்தான் சொல்வார், நர்சும் அப்படித்தான், வாசலில் இளநீர் வெட்டுகிறவரும் அப்படித்தான். அதில் தப்பொன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் கரண்ட் ஆபீசில் லைன்மேன் என்பதுதான் சிக்கல்.

அதுவரை எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர், தனக்குத் தெரிந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“எத்தனை வோல்ட் சார்?”

டாக்டர் சிரித்துவிட்டு எங்களை மெஷின் பார்த்துக்கொள்ளும் இளைஞரிடம் அனுப்பினார். இப்படி ஒருவர் விசாரித்து அந்தப் பையன் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“ஆறு எம்.வி. சார்.”

“எம்.வி.ன்னா?”

“மெகா வோல்ட். அறுபது லட்சம்.”

அதற்குப் பிறகு அந்தப் பையன் சொன்ன எதுவும் இவர் காதில் ஏறவில்லை. பதினோராயிரம் வோல்ட் என்ன செய்யும் என்று தெரிந்தவர் அவர். பெரும்பாறைப் பக்கம் லைனில் மாட்டிக் கருகிய குரங்குகளைத் தன் கையால் கீழே இறக்கியிருக்கிறார். அப்படி இறக்கிய அன்றெல்லாம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

மாடிப்படியில் இறங்கும்போது மெதுவாகக் கேட்டார். “வேண்டாம்னு சொல்லிருவமா?”

படியிலேயே நின்று பாடம் நடத்தினேன். வோல்ட் எல்லாம் மெஷினுக்குள் நடக்கிற சங்கதி, என் மேல் விழப்போவது எக்ஸ்ரே மாதிரி ஒரு வெளிச்சம்தான், உடம்பில் ஒன்றும் தங்காது என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “எர்த் ஒழுங்கா போட்டிருக்கானான்னு யாருகிட்ட கேக்கலாம்?” என்றார்.

தினமும் மலை இறங்கி ஏற முடியாது. அதனால் மதுரையில் அவர் தங்கை வீட்டில் தங்கினோம். என் நாத்தனார் தங்கமான மனுஷி. எனக்காகப் பத்தியச் சமையல் செய்தாள், கட்டிலை விட்டுக்கொடுத்தாள். ஆனால் மின்சாரச் சாமான் பக்கம் மட்டும் என்னை அண்டவிடமாட்டாள். “மதினி, மிக்ஸிய நான் போட்டுக்கிறேன், நீங்க தள்ளியே இருங்க” என்பாள். பிரிட்ஜைத் திறக்கப் போனால் ஓடிவந்து தானே திறந்து தருவாள். ஒரு நாள் ஹாலில் பல்பு ஒன்று ப்யூஸ் போனது. அண்ணனும் தங்கையும் பல்பை ஒரு தரம் பார்த்தார்கள். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார்கள்.

என் உடம்பில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். கதிர் எங்கே விழவேண்டும் என்பதற்கான அடையாளம். அழியக் கூடாது, அந்த இடத்தில் சோப்பு கூடாது, துண்டால் அழுத்தித் துடைக்கக் கூடாது. மார்கழிக் குளிரில் கொடைக்கானலில் இருந்து இந்த உத்தரவைக் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கீழ்ப்படிந்திருப்பேன். மதுரையில் சும்மா உட்கார்ந்தாலே எனக்கு வியர்க்கும். கோடு இறங்கி வயிறு வரை வந்துவிடும். நாத்தனார்தான் விசிறியும் கையுமாகக் கோட்டைக் காப்பாற்றினாள். இவர் அந்த நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஆபரேஷன் ஆனதிலிருந்தே அப்படித்தான். நானும் கூப்பிடவில்லை.

சிகிச்சை என்னவோ வலிக்காது. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவேண்டும், தோள்பட்டை மட்டும் கடுக்கும். எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். ஸ்பீக்கரில் குரல் வரும். “மூச்சை இழுங்கம்மா… பிடிங்க… விடுங்க.” நுரையீரல் உப்பினால் இதயம் கதிரை விட்டுக் கொஞ்சம் விலகும், அதற்காகத்தான்.

ஒரு நாள் “பிடிங்க” என்று சொன்னதும் கரண்ட் போய்விட்டது.

இருட்டு. கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டரில் விளக்கு மட்டும் வந்தது. மெஷின் செத்துக் கிடந்தது. “விடுங்க” என்று யாரும் சொல்லவில்லை. நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். சுவாச மண்டலத்தை எத்தனையோ பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கிய ஒருத்தி, மூச்சு விடுவதற்கு உத்தரவு எதிர்பார்த்துப் படுத்திருந்தேன். கண்ணில் பூச்சி பறந்தபோது யாருக்கும் தெரியாமல் கொஞ்சமாக விட்டேன். ஏதோ பெரிய கோளாறு செய்துவிட்ட மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே ஓடிவந்த நர்ஸ் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ அம்மா, இன்னுமா பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?” என்றாள்.

வெளியே வந்தால் இவரைக் காணோம். ஆட்டோ பிடித்து அந்தப் பகுதி கரண்ட் ஆபீசுக்கே போய்விட்டாராம். “நானும் டிபார்ட்மெண்ட்தான். எம் பொண்டாட்டி உள்ள படுத்துக் கெடக்கா. வெரசா லைனைப் போடுங்க” என்று அங்கே நின்றிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தான் போய் நின்றதால்தான் வந்தது என்று இன்றுவரை நம்புகிறார். வந்தவர் நேராக அந்த இளைஞரிடம் போனார்.

“தம்பி, இப்ப லோ வோல்டேஜா இருக்கும். அறுபது லட்சமும் முழுசா வருதான்னு பாத்துட்டு வைங்க. கொறஞ்சிரப்போவுது.”

எல்லாம் முடிந்து ஊர் திரும்பியபோது தை பிறந்திருந்தது. மார்பு இருந்த இடம் தோசை தீய்ந்த மாதிரி கறுத்துப்போயிருந்தது. மலையில் காய்ந்த குளிர். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், பகலில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். என் கட்டிலடியில் இவர் ஒரு கறுப்பு ரப்பர் பாயை விரித்தார். ஷாக் அடிக்காமலிருக்க ஆபீசில் ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் போடுவது. “ஈரத்துல கால வைக்காத” என்று மட்டும் சொன்னார். அவர் படுக்கையை ஜன்னலோரம் தனியாகப் போட்டுக்கொண்டார்.

முதலில் பார்க்க வந்தவர் எங்கள் சபைப் பாதிரியாரின் மனைவி. நான் கம்பளி ஸ்வெட்டரும், கால் மேல் மெத்தென்ற நைலான் போர்வையுமாக சோபாவில் இருந்தேன். போர்வையை விலக்கி எழுந்து கை கொடுத்தேன். ‘டப்’பென்று ஒரு சத்தம். அந்த அம்மா “கர்த்தாவே!” என்று அலறிக் கையை உதறினார்.

“ஒண்ணும் இல்லக்கா. கம்பளி உரசினா இப்படி வரும். நிலை மின்சாரம்னு சொல்லுவோம்” என்றேன்.

“மின்சாரம்னு நீங்களே சொல்றீங்களே டீச்சர்” என்றார். ஜெபத்தை வாசற்படியில் நின்றே முடித்துக்கொண்டார்.

மதியம் சாப்பிட வந்த இவர் காதுக்கு அதற்குள் செய்தி போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“கைய நீட்டு.”

“உங்களுக்குக் கிறுக்கா?”

“நீட்டும்மா.”

நீட்டினேன். டெஸ்டர் எரியவில்லை. மணிக்கட்டில் வைத்தார், கழுத்தில் வைத்தார். எரியவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, ஸ்வெட்டர் பொத்தானையும் நைட்டி பொத்தானையும் கழற்றி விலக்கினேன்.

“கரண்ட் வச்சது இங்க. இங்க வச்சுப் பாருங்க.”

அதுவரை அவர் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. கறுத்த தோலையும் குறுக்கே ஓடிய தழும்பையும் பார்த்தபடியே நின்றார். பிறகு டெஸ்டர் நுனியைப் பூவை வைப்பதுபோல வைத்தார்.

“எரியல” என்றார். “வலிக்குதா?”

“அரிக்குது.”

டெஸ்டரைப் பையில் போட்டுவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தார். அன்று சாம்பார் ஆறிப்போனது. அன்றே ரப்பர் பாயும் ஆபீசுக்குத் திரும்பியது.

ஆனால் டெஸ்டரில் எரியாதது ஊர் வாயில் எரிந்துகொண்டிருந்தது. கவுஞ்சியிலிருந்து பூண்டும் கேரட்டும் கொண்டுவந்து வீடு வீடாக விற்கும் அம்மா ஒருத்தி, ஒரு நாள் வெள்ளனே வந்து கூடையை இறக்கிவிட்டு முட்டியை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“டீச்சரம்மா, ஒங்க ஒடம்புல கரண்ட் கெடக்காமுல்ல? ஆசுபத்திரியில எம் முட்டிக்குக் கரண்ட் புடிக்கணும்னுதான் சொன்னாக. அதுக்காண்டி யாரு கீழ போயி வாரது? இருக்குற சோலியே தலைக்கு மேல கெடக்கு. செத்த கைய வைங்க.”

அவளுக்கும் பாடம் நடத்தினேன். “சரித்தா, சரித்தா” என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். டப். இருவருமே துள்ளிவிட்டோம். அவள் எழுந்து நடந்தாள், வாசல் வரை போய்த் திரும்பினாள். “கொறஞ்சிருக்கு” என்றாள். கூடையிலிருந்து ஒரு பிடி பூண்டை எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு லாட்ஜ் வாட்ச்மேன் தோள்பட்டையோடு வந்தார். அடுக்கம் ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர் கழுத்தோடு வந்தார். பாதிரியாரின் மனைவிகூட இடுப்பைப் பிடித்தபடி வந்து, “சும்மா விசாரிக்கத்தான் வந்தேன்” என்றார். நான் ஒவ்வொருவருக்கும் நிலை மின்சாரத்தை விளக்கினேன். என் வகுப்பில்கூட அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. விளக்கி முடித்ததும் வலிக்கிற இடத்தைக் காட்டினார்கள். பல மாதமாக என்னை எல்லோரும் படுக்கவைத்துப் புரட்டிப் பார்த்திருந்தார்கள். இப்போது என் கையை ஒருவர் கேட்டு வருகிறார். போர்வையை ஸ்வெட்டர் மேல் நன்றாக நாலு இழுப்பு இழுத்துக்கொண்டு எழுந்து போவேன்.

ஒரு நாள் மதியம் இவர் வந்து வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.

“கரண்ட் கனெக்ஷன் வேணும்னா ஆபீசுக்கு வாங்க. வீட்டுல வந்து கேட்டா என்ன அர்த்தம்?” என்று கத்தி எல்லோரையும் விரட்டினார்.

பங்குனி முடிவில் மழை பிடித்தது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. துணி காயவில்லை, உப்பு கசிந்தது. அன்று கம்பத்தில் ஏறி இறங்கி நனைந்து வந்தவர், தலையைத் துவட்டிக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“இந்தத் தோளு ஒரு வாரமா புடிச்சுக்கிட்டு கெடக்கு” என்றார் சுவரைப் பார்த்து.

“அதுக்கு?”

“எல்லாத்துக்கும் வைக்கிறியாம்ல.”

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கையை வைத்தேன்.

“ஒண்ணும் அடிக்கலையே?”

“அடிக்காது. மழை ஈரம். எல்லாம் கசிஞ்சு போயிரும்.”

“சரி, இருக்கட்டும். எடுக்காத.”

வைகாசியில் மதுரைக்குப் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தோம். எதுவும் இல்லை, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். பூண்டு அம்மாவிடம் சொன்னேன், இப்போது என் உடம்பில் துளிகூடக் கரண்ட் இல்லை, சுத்தமாகப் போய்விட்டது என்று. அவள் நம்பாமல் என் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். முகம் வாடிப்போனது.

“அடப் பாவமே. இன்னொருக்கா போயி வச்சுக்கிட்டு வந்திருங்களேன் டீச்சரம்மா.”

“வேண்டாம்த்தா” என்றேன். “நீ முட்டிக்குத் தைலம் வாங்கித் தேயி.”