ஆறாட்டு நாளுக்கு எடுத்த விமான டிக்கெட்

பஹ்ரைனுக்குக் கார் பந்தயம் பார்க்கப் போகிறோம் என்று சொன்னபோது சாலைக் கடைத்தெருவில் ஒருவரும் நம்பவில்லை. திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். வேலைக்குப் போவார்கள், மகள் பிரசவத்துக்குப் போவார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவனை யாரும் கண்டதில்லை. எங்கள் ஹார்டுவேர் கடைக்கு எதிர்க்கடைக்காரர், இந்த வயதில் விசா எடுத்து அங்கே என்ன வேலை பார்க்கப் போகிறேன் என்று அக்கறையாக விசாரித்தார். கார் பார்க்க என்றேன். அதற்கு நம்மூரில் ஷோரூம் இல்லையா என்றார்.

பந்தயப் பைத்தியம் நான் அல்ல, என் மனைவி. பந்தயம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கும். யார் முந்துகிறார்கள் என்பதே எனக்குப் புரியாது. எல்லோரும் சுற்றிச் சுற்றித்தானே வருகிறார்கள்.

அவளுக்கு வலது காது கேட்காமல் போய்ச் சில வருடங்களாகின்றன. போன மழைக்காலத்தில் இடது காதும் மங்க ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, இது இப்படியே நின்றாலும் நிற்கலாம், போனாலும் போகலாம் என்றார். ஆட்டோவில் திரும்பும்போது அவள், அந்தக் கார் சத்தத்தை ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும் என்றாள். கடல், கச்சேரி என்று வேறு ஆசை எதுவும் இல்லையா என்று கேட்டேன். அதெல்லாம் கேட்டாயிற்று என்றாள். எதற்கு இந்த அவசரம் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் குடைச்சல் தொடங்கியது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சத்தத்தில்?

முதலில் சிங்கப்பூரை யோசித்து, விடுதி வாடகையைப் பார்த்ததும் போனை மூடி வைத்தோம். பஹ்ரைனுக்கு இங்கிருந்தே நேர் விமானம் உண்டு. கடை அடைத்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் திட்டம் போடுவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமானம், சனிக்கிழமை காலை மனாமா கடைவீதி, பிறகு தகுதிச் சுற்று, ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பந்தய மைதானம் நகரத்துக்கு வெளியே பாலைவனத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் உட்காருவது என்பதற்கே பல நாள் ஆனது. நீண்ட நேர்ப்பாதை முடிந்து வளைவு வரும் இடம்தான் வேண்டும் என்றாள். அங்கேதான் வண்டிகள் பிரேக் பிடித்துக் கியரைக் குறைக்குமாம், சத்தம் மாறுமாம். உப்பு ஜாடியை வளைவாகவும் டம்ளரைக் காராகவும் வைத்து விளக்கினாள். நானும் டம்ளரை ஓட்டிப் பார்த்தேன். மறுவாரமே யூடியூபில் தனியாக உட்கார்ந்து என்ஜின் சத்தம் கேட்கிற ஆளாகிவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பஞ்சு போதாது, காதை முழுக்க மூடும் கவசம் வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடும் என்றார். எங்கள் கடையிலேயே டைல்ஸ் அறுக்கிறவர்கள் வாங்கும் மஞ்சள் கவசம் உண்டு. ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"இதை மாட்டிக்கிட்டுப் பாக்கதுக்கு வீட்டு டிவி போராதா?"

கவசம் இல்லாமல் பயணமே இல்லை என்றேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். இங்கேயே முடிவாக வேண்டும் என்றேன். அதன்பிறகு எங்கள் பேச்சு காய்கறி, கேஸ் சிலிண்டர் என்ற அளவில் நின்றது. டிக்கெட் எடுத்தாயிற்று, விடுதிக்குப் பணம் கட்டியாயிற்று, போகிறோமா என்பது மட்டும் தெரியவில்லை. அவள் இரண்டு நாள் சத்தத்துக்காக இருக்கும் காதையும் விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். காதைக் காப்பாற்றுகிறேன் என்று ஆசையைக் கெடுக்கிறேன் என்று அவளுக்குக் கோபம்.

இந்த லட்சணத்தில் எங்கள் கடைக் கணக்கர், பயணம் வெள்ளிக்கிழமை என்று கேட்டதுமே நிமிர்ந்து பார்த்தார். மலையாளி, எங்களிடம் தமிழில்தான் பேசுவார்.

"அன்னைக்கு ஆறாட்டல்லே, அண்ணாச்சி? ரன்வே அடைக்குமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறாட்டுக்குப் பத்மநாபசுவாமி வருடத்துக்கு இரண்டு தடவை ஊர்வலமாகச் சங்குமுகம் கடலுக்கு நீராடப் போவார். போகும் பழைய வழி விமான நிலையத்துக்குள் இருக்கிறது. அதனால் அன்று சாயங்காலம் விமானங்களை நிறுத்திவிட்டு சாமியை ஓடுபாதை வழியே விடுவார்கள். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் இதைப் பெருமையாகச் சொல்லுகிறவன் நான். கோட்டைக்குள் பிறந்து வளர்ந்தவன், ஆங்கிலத் தேதி மட்டும் பார்த்துச் சரியாக அந்தச் சாயங்காலத்துக்கே டிக்கெட் எடுத்திருக்கிறேன். கணக்கர் சொன்ன இரண்டாம் நாள், விமானத்தை ராத்திரிக்கு மாற்றியிருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. என் மனைவி அன்றுதான் வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

அப்படித்தான் எங்களுக்கு அந்தச் சாயங்காலம் சும்மா கிடைத்தது. பெட்டிகளை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு ஆறாட்டு பார்க்க மேற்குக்கோட்டையில் போய் நின்றோம். என் தோள்பையில் கவசம் இருந்தது. யானை மேல் பெரிய முரசும், பின்னால் பேண்டு வாத்தியமும் வந்துகொண்டிருந்தன. முரசு கிட்டே வந்தபோது, டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து நான் கவசத்தை எடுத்து நீட்டினேன். பிடிவாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் பார்க்கிறது என்ற எரிச்சலில் அவள் அதைப் பிடுங்கித் தலையில் மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முரசு எங்களைத் தாண்டியது. பேண்டின் பெரிய டிரம் தாண்டியது. அவள் கவசத்தைக் கழற்றவில்லை. ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் விலா எலும்பில் வைத்தாள். உள்ளே டிரம் அடித்துக்கொண்டிருந்தது.

"காதுக்குள்ள ஒண்ணும் இல்ல. ஆனா எல்லாம் கேக்குது பாத்துக்கிடுங்க. காது போனாலும் இது போகாது."

காது போனாலும் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் அதைச் சத்தமாக, காது மூடியவர்கள் பேசுவதுபோல, தெருவே திரும்பிப் பார்க்கச் சொன்னாள். முகத்தில் பயம் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. சாமி வருகிற நேரம் அது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னைப் பெரிய பக்தன் என்று நினைத்துக்கொண்டு, நன்றாகத் தரிசனம் செய்யட்டும் என்று நகர்ந்து முன்னால் இடம் விட்டார்.