முந்தி முடித்த பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

பாடசாலை வட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். “எங்கள் பரீதா டீச்சர் இன்று காலை மௌத்தாகிவிட்டார். ஜனாஸா நல்லடக்கம் அஸர் தொழுகைக்குப் பின்.” அந்த மரணச் செய்தியை வாசித்த பிறகு திருத்திய இரண்டு கொப்பிகளில் பிழையான கணக்குக்கெல்லாம் சரி போட்டிருக்கிறேன். அடுத்த நாள்தான் கண்டேன். உரிய பிள்ளைகள் இருவரும் வாயே திறக்கவில்லை.

பின்னேரம் இரத்தோட்டையில் அவருடைய வீட்டுக்குப் போனோம். கேற்றடியில் பழைய மாணவர்கள் கூட்டமாக நின்று எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மரண வீட்டில் இதென்ன பழக்கம் என்று கேட்கத்தான் கிட்டப் போனேன். டீச்சர் தங்களை மாட்டிவிட்ட கேள்விகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அவரோடு வேலை செய்த சக ஆசிரியர்களான உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் கிடைத்து மாத்தளை மாவட்டத்துக்கு வந்தவன். சில வருடத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று வந்து, இங்கேயே குடும்பமாகி நின்றுவிட்டேன். பரீதா டீச்சர் அப்போது எங்கள் பாடசாலையின் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். எனக்கு ஏறக்குறைய சம வயது. அதனால் தயவுதாட்சண்யம் இல்லாமல் என்னைக் கிண்டல் செய்வார்.

பாடத்தில் முந்தி நிற்கும் பிள்ளைகளுக்கென்று அவர் நடத்திய மேல்நிலைக் குழு தொடங்கியதே என் வகுப்பில்தான். பெருமையாகச் சொல்லவில்லை, என் பிழையால் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி என்றொரு பிள்ளை, கரும்பலகையில் கணக்கு எழுதி முடிக்கும் முன்பே விடை போட்டு வைத்திருக்கும். கெட்டிக்காரியை ஊக்குவிக்கிறேன் என்று அவளுக்கு மேலதிகமாகப் பத்துக் கணக்கு கொடுப்பேன். சில கிழமையில் பிள்ளை மந்தமாகிவிட்டாள். எந்த நேரமும் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நான் கவலைப்பட்டு வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்றெல்லாம் விசாரித்தேன். பரீதா டீச்சர் ஒரு நாள் என் வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சேர், அந்தப் புள்ள முனை ஒடஞ்சி சீவல்ல. சீக்கிரம் முடிச்சா இன்னும் பத்து வரும்டு சீவுறா. வெரசா முடிச்சவளுக்குத் தண்டனை குடுக்கிறீங்க.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டாள்.

அடுத்த தவணையே குழு தொடங்கிவிட்டது. கிழமையில் இரண்டு நாள், ஒரு பாடவேளை. பெற்றோர் கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. இது புலமைப்பரிசில் பரீட்சைக்கான இலவச டியூஷன் என்று ஊரெல்லாம் கதை பரவியிருந்தது. யட்டவத்தையில் கடை வைத்திருந்த ஒருவர் எழும்பிக் கேட்டார்.

“டீச்சர், இதுல சேந்தா பரீட்சையில எத்தன புள்ளி கூடுங்க?”

“ஒண்டும் கூடாது நானா” என்றார் டீச்சர், அண்ணன் முறை வைத்து.

“அப்ப என்னத்துக்குங்க?”

“தெரிஞ்சதையே திருப்பித் திருப்பிச் செஞ்சா புள்ளைக்கி ஸ்கூல் அலுத்துப் போவும். அலுக்காம இருக்கத்தான். கணக்குல முந்துற புள்ள வாசிப்புல பிந்தி நிக்கும். அதால பேர் லிஸ்ட் ஒவ்வொரு தவணையும் மாறும். பேர் வரல்லண்டு அழ வேணாம், வந்துட்டுண்டு வெடி கொளுத்தவும் வேணாம்.”

கூட்டத்தில் பாதி எழும்பிப் போய்விட்டது. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். கதிரைகளை நாங்கள்தான் அடுக்க வேண்டியிருந்தது.

வெடி கொளுத்த வேண்டாம் என்று அவர் சொன்னது யாருக்காக என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த தவணைப் பட்டியலில் என் மகள் மதுராவின் பெயர் இருந்தது. அவள் எங்கள் பாடசாலையிலேயே பக்கத்து வகுப்பு. நான் வெடி கொளுத்தவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நாலு டெலிபோன் கோல் எடுத்தேன்.

முதல் கிழமையே மதுரா குழுவிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அன்றிரவு சாப்பிடவும் இல்லை. எந்தப் பாடத்திலும் நூற்றுக்குக் கிட்டப் புள்ளி எடுக்கிற பிள்ளை. விடிந்ததும் நேரே பரீதா டீச்சரிடம் போனேன்.

“என்ர பிள்ளையின்ர பேரை வெட்டுங்கோ டீச்சர். இப்பிடியே போனால் பிள்ளைக்குப் படிப்பே வெறுத்துப்போம்.”

அவர் கோபிக்கவில்லை. “என்ன கேள்வின்டு கேளுங்களேன் சேர்” என்றார். “மாத்தளைக்கி இங்க இருந்து ஒரு மணித்தியாலம்டு வைங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல, அரை மணிக்கி ஒரு பஸ் வெளிக்கிடும். நீங்க எட்டு மணி பஸ்ல போறீங்க. வழியில எதுக்கால எத்தன பஸ் வரும்?”

“ரெண்டு” என்றேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற தோரணையில்தான் சொன்னேன்.

“அவளும் அதத்தான் சொன்னா. பிழை.”

அலுவலக அறையில் வேறு யாரும் இல்லாதது அல்லாஹ்வின் கிருபை என்று பிறகு அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்:

“கணக்கு வரல்லண்டு அவ அழல்ல சேர். ஒரு கணக்கு வராட்டி என்ன, நாளைக்கி வரும். அப்பாட்ட என்னண்டு சொல்லுறதுண்டுதான் அழுதா. அந்தப் புள்ளைக்கி இதுவரைக்கும் தெரியாத கணக்கே யாரும் குடுக்கல்ல. இப்பத்தான் ஒண்டு கெடச்சிருக்கு. அதப் பறிக்காதீங்க.”

பெயரை வெட்டாமல் திரும்பி வந்தேன். விடையை அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் மானம் விடவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எதிரே வந்த பஸ்களை எண்ணிக்கொண்டே போனேன். ஒன்றையொன்று முந்தி ஓடும் எங்கள் பஸ்களை நம்பி எந்தக் கணக்கைச் செய்வது? வீட்டுக்குள் போய் மதுராவிடம் உள்ளதைச் சொன்னேன்.

“நானும் ரெண்டு எண்டுதான் சொன்னனான். பிழையாம். எனக்கும் தெரியேல்லை, பிள்ளை.”

அவள் பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ரோட்டை வரைந்தாள். நான் பஸ் வரைந்தேன். என் பஸ் லொறி மாதிரி இருக்கிறதென்று அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். அரை மணி நேரம் போயிருக்கும்.

“அப்பா, நாம ஏற முந்தியே அங்க இருந்து வெளிக்கிட்ட பஸ் ஒண்டு ரோட்டுல வந்துட்டு இருக்குமே. ஏழரை பஸ். அப்ப மூணு.”

சொல்லிவிட்டுக் குதித்தாள். நானும் கிட்டத்தட்டக் குதித்தேன்.

மதுரா இப்போது கம்பஸில் படிக்கிறாள். தெரியாத ஒன்றைக் கண்டால் சந்தோஷமாகப் போன் எடுக்கிறாள். செல்விக்கு அதற்குப் பிறகு நான் பத்துக் கணக்கு கொடுத்ததில்லை. ஆனால் பரீதா டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இவை இரண்டும் இல்லை.

அதுவரைக்கும் பாடம் கேட்கும்போது மகளை மேசைக்கு அந்தப் பக்கம், எனக்கு முன்னால் நிற்கவைத்துத்தான் கேட்பேன். அந்தப் பின்னேரம் ரோட்டை வரைவதற்காக அவள் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். பிறகு அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை.