எண் மட்டும் எழுதிய பாட்டில்

அந்த வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் மருந்தின் பெயர் இல்லை. ஓர் எண், 'ஆய்வுக்கு மட்டும்' என்ற ஒரு வரி, அவ்வளவுதான். தஞ்சாவூர் மருத்துவமனையின் மாடி அறையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் அதை மேசைமேல் வைத்தபோது நான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மன்னார்குடிப் பக்கம் வேளாண்மை அலுவலராக வேலை பார்ப்பவன் நான். பூச்சிமருந்துக் கடையில் இப்படிப் பெயரில்லாத பாட்டில் கண்ணில் பட்டால் பறிமுதல் செய்வேன். அதைத்தான் என் மகள் இரண்டு கைகளாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

பதினான்கு வயதில் அவளுக்குச் சொரியாசிஸ் வந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் தலைமுடிக்குள்ளும் தோல் தடித்துச் சிவந்து வெள்ளைச் செதிலாக உதிரும். தொற்றும் நோயல்ல என்று எத்தனை முறை சொன்னாலும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள். களிம்பு போட்டால் தணியும், நிறுத்தினால் திரும்பும். கல்லூரி முடித்த வருடம், உடம்புக்குள் இந்த அழற்சியைக் கிளப்பிவிடும் ஒரே ஒரு சமிக்ஞையை மட்டும் தடுக்கும் புதிய மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று தோல் மருத்துவர் சொன்னார். சேர்பவர்களில் சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது மருத்துவருக்கே தெரியாதாம். அவளுக்கு வயது இருபத்தொன்று. ஒப்புதல் படிவத்தைப் படித்து, யோசித்து, அவளே கையெழுத்துப் போட்டாள்.

எனக்கு யார்மேலும் நம்பிக்கை வரவில்லை. சோதித்துப் பார்க்க எங்கள் பெண்தான் கிடைத்தாளா என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. எல்லாரையும்விட அந்த ஒருங்கிணைப்பாளரைத்தான் அதிகம் சந்தேகப்பட்டேன். கூத்தாநல்லூர்க்காரப் பெண்மணி, நாற்பதை ஒட்டிய வயது. நாங்கள் போகும்போதெல்லாம் மீதி மாத்திரைகளைத் தட்டில் கொட்டி இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவார். இடையில் போன் செய்து, "பாப்பா, சாப்பிட்டாச்சா? வயிறு கியிறு வலிக்குதா?" என்று கேட்பார். காரணமில்லாமல் யார் இவ்வளவு அன்பாகப் பேசுவார்கள்? நான் குடைந்து குடைந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு ஒருநாள் அவர், "மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கவும் ரெண்டு கேள்விய மிச்சம் வைங்க சார்" என்றார். "யூரியா மூட்டையவே பிரிச்சு மோந்து பாக்குறவரு மேடம், மனுஷங்கள விடுவாரா?" என்றாள் மகள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒரு மாதம் ஆகியும் தோல் அப்படியேதான் இருந்தது. கொடுத்தது வெற்று மாத்திரைதான் என்று நானே முடிவு கட்டினேன். திருவாரூர்ப் பக்கம் ஒருவர் பொடி தருகிறார் என்று கேள்விப்பட்டு, அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய் வாங்கி வந்தேன். ஆய்வில் இருக்கும்வரை வேறு எந்த மருந்தும், நாட்டு மருந்தும் கூடாது என்ற பக்கத்தை எங்கள் வீட்டில் அதிகமுறை படித்தவன் நான்தான். மனைவி முதல் பேருந்தில் பள்ளிக்கு வேலைக்குப் போய்விடுவதால் காலைக் கஞ்சி என் பொறுப்பு. கேழ்வரகுக் கஞ்சியில் அந்தப் பொடியின் நிறம் தெரியவில்லை. மகளிடம் சொல்லவும் இல்லை. அந்தப் பொட்டலத்திலும் பெயர் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

எங்கள் துறையில் செயல்விளக்கத் திடல் போடும்போது ஒரு பாத்திக்கு மட்டும் புது உரத்தைப் போடாமல் விடுவோம். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். ஒருமுறை ஒரு விவசாயி யாருக்கும் தெரியாமல் அந்தப் பாத்தியிலும் உரத்தை வீசிவிட்டார். "பக்கத்துல பச்சைப்பசேல்னு நிக்குது, இது மட்டும் வெளுத்துக் கெடக்குது. பாத்துக்கிட்டு எனக்குச் சோறு எறங்குமா சார்?" என்றார். ஒரு போகத்து உழைப்பைப் பாழாக்கிவிட்டீர்கள் என்று ஊரார் முன்னால் அவரைப் பார்த்துக் கத்தியவன் நான்.

மூன்று வாரத்தில் முழங்கைச் செதில் குறைந்தது. உள்ளுக்குள் வெற்றிக் களிப்போடு இருந்தேன். நான்காவது வாரம் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து போன்: "மாத்திரைய நிறுத்திடுங்க. உடனே கெளம்பி வாங்க." ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. அந்த மாடி அறையில் அவர் மகளைக் கேட்டார்: "வேற ஏதாச்சும் சாப்பிட்டியா பாப்பா? கஷாயம், பொடி?" "சத்தியமா இல்ல மேடம்" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "மாத்திரையாலதான்னு எழுதினா, இதே மாத்திரை சாப்பிடுற மத்த பிள்ளைங்களுக்கும் நிறுத்த வேண்டி வரலாம் சார். பாப்பாவுக்கு என்ன வைத்தியம் பண்றதுன்னும் தெரியணும். அதான் கேக்குறேன்." கோபமே இல்லாத குரல். சொல்லிவிட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரெண்டையும் கலந்துட்டீங்களே சார். எது நல்லது பண்ணுச்சு, எது கெடுத்துச்சுன்னு இனிமே யாரு பிரிக்கிறது?" என்றார். மகள் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டாள்.

கல்லீரல் தேறிவிட்டது. ஆய்விலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். சில மாதங்களில் செதில் பழையபடி வந்தது. ஆய்வு முடிந்த பிறகு ஒருங்கிணைப்பாளர் கடைசியாக ஒருமுறை போன் செய்தார். "பாப்பா சாப்பிட்டது நெஜ மருந்துதான் சார். தெரிஞ்சுக்க உங்களுக்கு உரிமை இருக்குல்ல, அதான்." ஏன் இவ்வளவு அன்பு என்று நான் துப்புத் துலக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி என்னிடம் ஒன்றையும் மறைத்ததில்லை.

இப்போது மகள் வேலைக்குப் போகிறாள், முழுக்கைச் சட்டையோடு. காலையில் நான் காப்பி கலந்து நீட்டினால், "இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள். "சர்க்கரைதாம்மா" என்று சொல்லி, நான் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுகிறேன். அதன் பிறகும் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வாங்குகிறாள்.