சார்ஜா வண்டியில் மதுரைக்கு

தேனிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதியில் நான் கண் விழித்தபோது என் கணவர் அறையில் இல்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கீழே வாசலில், வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். முன்சக்கரத்தைக் காலால் தட்டினார், குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தார், நிமிர்ந்து சாலையைப் பார்த்தார், பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். விடுதிக் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதக் கடைசி. வெளியே இன்னும் பனி விலகவில்லை.

கணவர் பெயர் சரவணன். சார்ஜாவில் ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்தில் ஏசி பராமரிப்பு சூப்பர்வைசர். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். நான் மதுரை கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவள். எங்கள் மகள் தேன்மொழி ஒன்பதாம் வகுப்பு. இரண்டு நாளைக்கு அவளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, கப்பலில் வந்து இறங்கிய அவருடைய வண்டியை, விமானத்தில் வந்த அவரோடு சேர்ந்து எடுத்துவர நான் கொச்சிக்குப் போயிருந்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு இருக்கை. தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. அந்த ஊர்ப் பழைய வண்டிச் சந்தையில், நம்மூர்க் குடும்பக் கார் ஒன்றின் விலைக்கே இப்படிப்பட்டவை கிடைக்குமாம். எண்பலகையில் அரபு எழுத்து. ஸ்டியரிங் இடப்பக்கம். ஆகவே நம் சாலையில் வழக்கமாக டிரைவர் உட்காரும் வலப்பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், கைக்கு வேலை எதுவும் இல்லாமல்.

வேலை இல்லை என்பது சரியில்லை. முன்னால் ஒரு லாரி போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று இடப்பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். கொச்சியிலிருந்து புறப்பட்ட அரைமணி நேரத்திலேயே எங்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அவர் "போகலாமா?" என்பார். நான் "இருங்க" என்பேன், அல்லது "போங்க" என்பேன். குமுளி மலைப்பாதையிலும் அப்படித்தான் இறங்கினோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் இவ்வளவு தடவை அனுமதி கேட்டதில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

தேனியிலிருந்து மதுரை எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பேருந்தாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். எங்களுக்கு ஆண்டிபட்டி போகவே முக்கால் மணி ஆனது. வேகத்தடை வரும்போதெல்லாம் நிறுத்தி, வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. உயரமான தடை என்றால் பாரம் குறையட்டும் என்று நான் இறங்கி நடந்தேன். பின்னால் வந்த மினி பஸ் டிரைவர் பொறுமையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆண்டிபட்டியில் டீ குடித்தோம். ஒரு டீ பதினைந்து ரூபாய். சரவணன் உட்காரவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கும் வண்டிக்கும் நடந்தார். டீ ஆறுவதற்குள் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு, "கிளம்பலாமா?" என்றார். கொச்சியிலும் அப்படித்தான். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் வராந்தாவில் மற்றவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வண்டி கைக்கு வந்ததும் சரியாகிவிடுவார் என்று நினைத்தேன். சரியாகவில்லை. மதுரைக்குப் போய்ச் சேர்ந்தால் சரியாகிவிடுவார் என்று இப்போது நினைத்துக்கொண்டேன். "இந்தத் தடவ வந்துட்டா இனிப் போகமாட்டேன்" என்று போனில் சொல்லியிருந்தார். பழைய கம்பெனியோடு கணக்கு முடிந்துவிட்டது, ஆசைப்பட்டு வாங்கிய வண்டியையும் கையோடு கொண்டுவருகிறார் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

கணவாயைத் தாண்டி இறங்கியதும் நிலம் விரிந்தது. செம்மண், கரிசல், நடுவில் மல்லிகைத் தோட்டங்கள். சாலையின் ஒரு பாதியை அடைத்து, அறுத்த கொள்ளுச்செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் அதன்மேல் ஏறினால் காய் உடைந்து கொள்ளு தனியே வரும். எங்களுக்கு அது ஆகாது. செடி அடியில் சிக்கிச் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்று சரவணன் நிறுத்திவிட்டார். எதிர்ப்பக்கம் வரிசையாக வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

விளக்குமாறோடு நின்றிருந்த ஓர் அம்மா என் பக்கம் வந்தார்.

"என்னத்தா நிப்பாட்டிட்ட? சும்மா ஏத்து."

"வண்டி ரொம்பத் தாழ்வும்மா. அடியில மாட்டிக்கிரும். நான் ஓட்டல, அவுங்கதான் ஓட்டுறாங்க."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். என் முன்னால் ஸ்டியரிங் இல்லாததைக் கண்டு, "அப்ப நீ எதுக்கு இங்கிட்டு உக்காந்திருக்க?" என்றார்.

"எதுக்கால என்ன வருதுன்னு பாத்துச் சொல்லத்தான்."

"இம்புட்டு வெல குடுத்து வாங்கிட்டு, அதுக்கும் ஒரு ஆளு வேணுமாக்கும்."

ஆனாலும் ஒதுக்கிக் கொடுத்தார். நானும் இறங்கி இரண்டு கையாலும் செடியை வாரி ஓரத்தில் போட்டேன். வண்டி மெதுவாகக் கடந்ததும் மறுபடியும் பரப்பிவிட்டு ஏறிக்கொண்டேன். சேலையெல்லாம் கொள்ளுத் தூசி. சரவணன் முதல்முறையாகச் சிரித்தார்.

உசிலம்பட்டிக்குச் சற்று முன்னால் போலீஸ் வாகன சோதனை. இளம் எஸ்.ஐ. ஒருவர் கை காட்டினார். அவரும் முதலில் என் பக்கம்தான் வந்தார். பிறகு சிரித்துக்கொண்டே சுற்றிப் போனார்.

"எந்த ஊரு வண்டி சார்?"

"சார்ஜா சார்."

"இங்க ஓட்டலாமா?"

"டெம்பரவரியா அனுமதி இருக்கு சார். ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் கொண்டுபோயிரணும். லெஃப்ட் ஹேண்ட் வண்டிய இங்க ரிஜிஸ்டர் பண்ண முடியாது." காகிதங்களை எடுத்துக் கொடுத்தார்.

எஸ்.ஐ. புரட்டிப் பார்த்தார். "உங்க சொந்த ஊரு?"

"மதுரைதான் சார். குடியிருக்கிறது சார்ஜாவுல. வெளிநாட்டுல குடியிருக்கறவங்கதான் இப்படிக் கொண்டுவர முடியும்."

"அப்ப வண்டியோட நீங்களும் போயிருவீங்க."

"ஆமா சார். புதுக் கம்பெனி. பங்குனி கடைசியில ஜாயின் பண்ணணும்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், வானிலை சொல்வதுபோல. சொல்லி முடித்த பிறகுதான் நான் பக்கத்தில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. காகிதங்களை வாங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பியதில் இரண்டு தாள் கீழே விழுந்தன. எஸ்.ஐ. எடுத்துக் கொடுத்து, "பாத்துப் போங்க சார், ரோடு இப்படியேதான் இருக்கும்" என்றார்.

உசிலம்பட்டி ரயில்வே கேட்டையும் பூச்சந்தையையும் தாண்டினோம். நான் எதையும் பார்க்கவில்லை. மகளின் பள்ளிக்கூடத்தில் அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா வருவார் என்று சொல்லியிருந்தேன். மாடியில் ஓர் அறை போடலாம் என்று கொத்தனாரிடம் பேசியிருந்தேன். இப்படி ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு வைக்கோல் லாரி முன்னால் வந்தது. இரண்டு பக்கமும் பிதுங்கிய பாரம். மாட்டுவண்டி வேகத்தில் போனது.

"போகலாமா?" என்றார்.

நான் வைக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கலா, எதுக்கால எதுவும் வருதா?"

சாலை காலியாகக் கிடந்தது. எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஒருமுறை வலப்பக்கம் தலையை நீட்ட முயன்றார். முடியவில்லை. விரலால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே லாரியின் பின்னால் ஊர்ந்தார். முன்கண்ணாடி முழுக்க வைக்கோல் துரும்பு. காய்கறி மூட்டை கட்டிய மொபெட் ஒன்று எங்களை முந்தி, லாரியையும் முந்திப் போனது. ஓட்டியவர் திரும்பி எங்கள் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். அந்த லாரிக்குப் பின்னால் எத்தனை ஊர் கடந்தோம் என்று தெரியவில்லை. செக்கானூரணிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் அவராகவே ஓரங்கட்டினார்.

"எப்ப எடுத்த முடிவு இது?" என்றேன்.

"கார்த்திகையில."

"கார்த்திகையில போன்ல என்ன சொன்னீங்க?"

"வந்துட்டாப் போகமாட்டேன்னு சொன்னேன்." சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். "பொய் சொல்லணும்னு சொல்லல கலா. உங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கறப்ப அது நெசம் மாதிரியேதான் இருக்கும். போன வச்சப்புறம் பயமாயிரும். மதுரைக்கு வந்து பத்து நாளு இருந்தா எனக்கு உக்கார முடியல. காலையில எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியல. நீ வேலைக்குப் போயிருவ, பாப்பா ஸ்கூலுக்குப் போயிரும். நான் வீட்டுல ஃபேனப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"அப்ப இத எதுக்கு இம்புட்டுத் தூரம் கொண்டாந்தீங்க?"

ஒரு பேருந்து கடந்தது. அந்தக் காற்றில் வண்டி ஆடியது.

"அங்க நாலு பேரு ஒரு ரூம்ல இருக்கோம். வெள்ளிக்கிழமை விடியக்காலையில இத எடுத்துக்கிட்டு தனியாப் போவேன். ரெண்டு பக்கமும் மணலு. பேச ஆளு கெடையாது. எனக்குன்னு இருக்கறது அம்புட்டுதான். ஒன்னய அங்க கூட்டிக்கிட்டுப் போக முடியல. ஒரு தடவையாச்சும் ஒன்னயப் பக்கத்துல வச்சு ஓட்டணும்னு இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை காலைகளில் அவர் போனை எடுக்காதது ஏன் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் சொல்ல வேறு எதுவும் இல்லாததால், "வண்டிய எடுங்க" என்றேன். செக்கானூரணியில் இன்னொரு லாரி வந்தது. "போங்க" என்றேன்.

நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டி, நான்குவழிச் சாலை குறுக்கிடும் இடத்தில் நேராகப் போனால் பதினைந்து நிமிடத்தில் ஊருக்குள் நுழைந்திருக்கலாம். நான்தான் "இதுல திருப்புங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாடிப்பட்டிப் பக்கம் திருப்பினார்.

சாலை நேராக, வெறுமையாக இருந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். எஞ்சின் சத்தம் வயிற்றுக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் வயல்கள், தென்னை, தூரத்தில் சிறுமலை. நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவரைத்தான் பார்த்தேன். தட்டிக்கொண்டே இருந்த விரல்கள் நின்றிருந்தன. தோள் இறங்கியிருந்தது. கல்யாணம் ஆன முதல் வருடத்தில் தூங்கும்போது அவர் முகம் அப்படி இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வாடிப்பட்டி வரை போய்த் திரும்பினோம். இவரை வீட்டில் உட்காரவைக்க என்னால் முடியாது என்று எனக்கு அந்தச் சாலையில்தான் புரிந்தது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

பத்தரை மணிக்கு காளவாசல் நெரிசலில் நின்றோம். ஷேர் ஆட்டோக்களில் இருந்தவர்கள் எங்களைக் குனிந்து பார்த்துப் பேசினார்கள். கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசல் சரிவில் வண்டி ஏறவில்லை, அடி இடித்தது. கோச்சடையில் அவருடைய நண்பர் வீட்டு ஷெட்டில்தான் விட வேண்டியிருந்தது. அதற்கு முன் தெருவில் நிறுத்தியிருந்தபோது பள்ளி விட்டு வந்த தேன்மொழி பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்குப்பா," என்றாள். பிறகு, "இதுல நான் எங்க உக்கார்றது?"

அவர் வலப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். அன்று சாயங்காலமே அவளைப் பக்கத்தில் வைத்து மேலூர் வரை ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வருவதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் அவரே சொல்லியிருந்தார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, "எதுக்கால பஸ்ஸு வந்தா நான் சொல்றேன்" என்று தானாகப் போய் ஏறிக்கொண்டாள்.

பங்குனி மூன்றாம் வாரம், வந்த வழியே கொச்சிக்குப் போனோம். கணவாய், கம்பம், குமுளி. சாலையில் கொள்ளு இல்லை, வெயில்தான். துறைமுக ஷெட்டில் வண்டியை ஒப்படைத்தார். கண்டெய்னருக்குள் அதைச் சங்கிலியால் கட்டும்வரை நின்று பார்த்தார். மறுநாள் காலை நெடும்பாசேரி விமான நிலைய வாசலில் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, பதினோரு வருடமாகச் சொல்வதையே சொல்ல ஆரம்பித்தார்.

"அடுத்த தடவ வந்துட்டா..."

"வேண்டாம்," என்றேன். "எப்ப வருவீங்க, எப்பப் போவீங்க, அத மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும். பாப்பாவுக்கும் அது போதும்."

எங்கள் வீட்டில் வாசலில் நின்று யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'போயிட்டு வாரேன்' என்பதுதான் வழக்கம். கடைக்குப் போனாலும் அப்படித்தான். சரவணன் தள்ளுவண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார். யோசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"தையில வாரேன். மாசி கடைசியில போறேன்."

"சரி," என்றேன்.

அவர் கண்ணாடிக் கதவுக்குள் மறைந்த பிறகு, தேனி வழியாக மதுரைக்குப் போகும் பேருந்தைத் தேடி நடந்தேன். வழியில் தேன்மொழிக்குப் போன் செய்து, அப்பா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

"இந்தத் தடவ நெசமாத்தாம்மா சொல்லியிருக்காங்க," என்றாள்.